பறி கடித்தவள்

பவுனம்மாள் பேராசையால் செத்தாள் என்று நேற்றும் ஒருத்தி கரையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் இழுத்துக்கொண்டு போகும்போதுகூட ஒரு பறி இறாலை விட மனம் வராமல் கடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாளாம். சொன்னவள் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைக்கலாமா என்று வந்தது எனக்கு. இத்தனை வருஷம் நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது என்னையும் இறால் பிடிக்கும் வரிசையிலிருந்து அனுப்பியாயிற்று. இனி என்னை யார் எதிலிருந்து விலக்கப் போகிறார்கள்? அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்களுக்குத் தோணி கிடையாது, வலை கிடையாது. கைதான். வற்றம் தொடங்கி ஏரித் தண்ணீர் கடலைப் பார்த்து வடிய ஆரம்பித்ததும் பெண்கள் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் சேர்ந்து இறங்குவோம். முகவாய் தண்ணீரைத் தொடும்படி குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வோம். என் கையில் தப்பிய இறால் பக்கத்துக்காரி கைக்குப் போகும். பிடித்ததைப் போட்டு வைக்கப் பனையோலையில் முடைந்த பறி ஒன்று உண்டு. இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பறியை எதால் பிடிப்பது? அதன் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். பறி முகவாய்க்குக் கீழே தொங்கும். வற்றம் முடிகிற வரை கடித்தது கடித்ததுதான், பேச்சும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. கை முடங்கினாலும் பிழைப்புப் போச்சு, பல் விழுந்தாலும் போச்சு.

கழுத்தில் மாட்டிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வரிசைக்குத் தலைவி குப்பம்மா. அவளுடைய தங்கை அப்படி மாட்டிக்கொண்டு இறங்கினவள்தான். பள்ளத்தில் கால் வைத்தாள், பறி தண்ணீரை மொண்டது, நீரோட்டம் பறியை இழுத்தது, பறி கழுத்தை இழுத்தது. அன்றைக்குக் குப்பம்மா ஒரு சட்டம் போட்டாள்.

"வாயில இருந்தா வாயைத் தொறந்தா போதும். பறி போவும், உசுரு நிக்கும். கட்டிகினு எறங்குறவ என் வரிசையில இல்ல."

அமாவாசைக்கு அமாவாசை சோதனையும் வைப்பாள். பறியில் ஈர மணலை அள்ளிப்போட்டு, பல்லால் தூக்கிக்கொண்டு, தோணி கட்டும் முளை வரை நடக்க வேண்டும். நழுவவிட்டவள் அப்படியே வீட்டுக்குப் போகலாம். குப்பம்மாவைச் சோதிக்க யாரும் இல்லை. வெயிலோ மழையோ அவள் தலையில் ஒரு துணி சுற்றியிருக்கும், காது வரை மூடியிருக்கும். சிரித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தலைவியின் மிடுக்கு என்று நினைத்துக்கொண்டோம்.

அது மழை பொய்த்த இரண்டாவது வருஷம். கோட்டையில் இருந்த டச்சுக்காரர்களை நாங்கள் உலாந்தாக்காரர் என்போம். அவர்கள் சமையல்கட்டில் ஒரு பறி இறாலுக்கு அரைப்படி அரிசி போட்டார்கள். ஏரிக்கரை முழுக்க வேறெங்கும் அரிசி இல்லை. கடலில் ஒரு கப்பல் நின்றது. ஜனங்கள் குடும்பம் குடும்பமாகக் கஞ்சிக்குத் தங்களையே விற்றுக்கொண்டு அதில் ஏறினார்கள். எங்கே போகிறது என்று ஏறினவர்களுக்கும் தெரியாது.

பவுனம்மாளின் புருஷன் கருப்பன் மாமாவும் அங்கே போய் நின்றார். வெடிமருந்துக் கொட்டகையில் இருபது வருஷம் கரி இடித்தவர். இருமினால் சளி கறுப்பாக வரும். உலக்கை கையை விட்டு நழுவிய அன்றைக்கே மேஸ்திரி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கப்பலுக்கு ஆள் சேர்க்கும் தரகன் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, போ என்று கையைக் காட்டினானாம்.

"விக்கப் போனாலும் வாங்க ஆளில்ல காசி," என்று பவுனம்மாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "எங்க ஊட்டுச் சரக்கு அப்பேர்ப்பட்டது."

காசியம்மாள் என்ற என் பேரை அவள் ஒருத்திதான் அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவாள். அவளுக்கு வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வரிசையில் எனக்கு இடப்பக்கம் அவள் இடம். அந்தக் கைக்கு ஏரியில் இணை கிடையாது. சேற்றுக்குள் ஒரு இறாலின் மீசை பட்டாலே அது எந்தப் பக்கம் துள்ளும் என்று தெரிந்துவிடும் அவளுக்கு. பல்தான் கைவிட்டது. சின்ன வயதிலிருந்து ஈரக் கயிற்றைக் கடித்துக் கடித்து ஒவ்வொன்றாக ஆடி விழுந்தது. உலாந்தாக்காரர் இடுகாட்டு வாசலில் எலும்புக்கூடு செதுக்கிய கல் ஒன்று நிற்கும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைக் காட்டுவாள்.

"பாரேன், செத்தவனுக்குப் பல்லு முழுசா கீது. எனக்கு ரெண்டு குடுத்தா இன்னா கெட்டுப்போவான்?"

அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மிச்சமிருந்த கடைசிப் பல்லும் கயிற்றோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் குடிசைக்கு வந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"கோட்டைச் சமையக்கட்டுல இறால் உரிக்கிற வேலை கேட்டேன். கெழவிக்கு இன்னா வேலைன்னு தொரத்துறான். கண்ணு தெரியுது, கை ஓடுது, காலு நிக்குது. பல்லு இல்லன்னு நாங்க ரெண்டு பேரும் சாவணுமா?"

"நான் குடிக்கிற கஞ்சியில..." என்று ஆரம்பித்தேன்.

"உன் புள்ளைங்க மூணும் இன்னாத்த துன்னும்? சும்மா இரு."

இடுப்பிலிருந்து வலை பின்னும் நூல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பறிக்கயித்தோட சேத்துப் பின்னால கட்டு. கயித்த ஈறால கவ்விக்கிறேன். பாரத்தைப் பிடரி தாங்கட்டும். கொண்டைக்கு அடியில முடிச்சு இருந்தா எவளுக்குத் தெரியப்போவுது?"

"அத்தே, குப்பம்மா பெரிம்மாவோட தங்கச்சி..."

"தெரியும்டி. அதான் சொல்றேன். இழுத்தா அவுர்ற மாதிரி உருவு முடிச்சாப் போடு."

போட்டேன். அமாவாசையன்று மணல் பறியைத் தூக்கிக்கொண்டு முளை வரை நடந்துவிட்டாள். ஈரத் தலைமுடி கன்னத்தில் ஒட்டிக் கிடந்ததில் நூல் தெரியவில்லை. குப்பம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கொண்டையைப் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"நல்லாத்தான் கடிக்கிற," என்றாள்.

மறுநாள் பாதிப் பறி நிறைந்ததுமே உருவு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, குப்பம்மா அந்தக் கோடியில் இருந்தாள். மிதந்த பறியை நான் காலால் தடுத்து எடுத்துக் கொடுத்தேன். கரையேறியதும் பவுனம்மாள் என்னைப் பனைமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"இறுக்கிப் போடுடி."

"நனைஞ்ச நூலு இறுகிப்போவும் அத்தே. அவுக்கவே வராது."

"அவுந்தா சோறு இல்ல. இறுகுனா, அது வந்தா பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து காலையில் இரட்டை முடிச்சாகப் போட்டு இறுக்குவேன். கரையேறியதும் மட்டிச் சிப்பியின் கூர் ஓட்டால் நூலை அறுத்துவிடுவேன். மறுநாள் புது நூல். மட்டி ஓடு அந்தப் பனைமரத்தடியிலேயே கிடக்கும். அதைத் தண்ணீருக்குள் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து நாள் தோன்றவில்லை. பாழாய்ப்போன மூளை!

பத்தாம் நாளுக்கு முந்தின நாள் கோட்டைக்குப்பத்துத் தோணிக்காரர்கள் முகத்துவாரத்து மணலை வெட்டித் திறந்திருந்தார்கள். மாதக்கணக்காகப் பாதி அடைபட்டுக் கிடந்த வாய் அது. திறந்தால் இறால் எல்லாம் அந்தப் பக்கம்தான் ஓடும். நாங்களும் அந்தப் பக்கமே இறங்கினோம். அள்ள அள்ள வந்தது. பவுனம்மாளின் பறி என்னுடையதற்கு முன்னால் நிறைந்தது. திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். கயிறு வாயில் இருந்ததால் எங்களுக்குக் கண்தான் சிரிப்பு.

வற்றம் அப்படிப் பாய்ந்து வரும் என்று யாரும் நினைக்கவில்லை. காலுக்கடியில் மணல் ஓடியது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நிலை போய்விட்டது. எல்லோரும் வாயைத் திறந்தோம். பறிகள் வரிசையாக மிதந்து கடலைப் பார்த்துப் போனதைப் பார்த்தேன். ஒரு பறி மட்டும் மிதக்கவில்லை. அது தண்ணீருக்குள் போனது, அதன் பின்னால் பவுனம்மாளின் தலையும் போனது.

அவள் தோளைப் பிடித்துவிட்டேன். ஆமாம், பிடித்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. கண் எதற்கு எனக்கு? சேற்றைத் தடவிப் பிழைக்கிற கை. கொண்டைக்கு அடியில் போனேன், முடிச்சு கிடைத்தது. நான் போட்ட முடிச்சு. நகத்தால் கீறினேன், பல்லால் கடித்தேன். கல்லாக இறுகியிருந்தது. அவள் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மூச்சு முட்டி, நெஞ்சு வெடிப்பதுபோல் வந்து, நான் கையை உதறினேன். அவளை உதறிவிட்டு மேலே வந்து மூச்சு விட்டேன்.

கோட்டைக்குப்பத்துத் தோணி ஒன்று எங்களைக் கரையில் சேர்த்தது. பவுனம்மாளையும் அவர்களே இழுத்துக்கொண்டு வந்து மணலில் கிடத்தினார்கள். பறி அப்போதும் முகவாய்க்குக் கீழேதான் இருந்தது, அதில் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. நான் எழ முடியாமல் தண்ணீரைக் கக்கிக்கொண்டு கிடந்தேன். மற்றவர்கள் ஓடி வருவதற்குள் குப்பம்மா அவள் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டாள். தலையை மடியில் எடுத்து வைத்தாள். தேடவே இல்லை. அவள் கை நேராகக் கொண்டைக்கு அடியில் போனது. இன்னொரு கை தன் இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு மட்டி ஓட்டை எடுத்தது. நன்றாகத் தீட்டிய ஓடு. ஒரே இழுப்பு. அறுந்த நூல் அவள் மடிக்குள் போய்விட்டது.

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"விடாம கடிச்சிகினே பூட்டா. ஒரு பறி இறாலுக்கு இம்மாம் பேராசையா?"

பேராசை என்ற பேச்சு அப்படித்தான் பிறந்தது. சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

புதைத்துவிட்டு வந்ததும் கருப்பன் மாமாவுக்கு ஒரு குவளை கஞ்சி கொண்டு போனேன். படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, பவுனம்மாள் சொல்லியிருந்தாள்.

"இந்தப் பத்து நாளா தாடை வலிக்கலன்னு சொல்லிகினே இருந்தா," என்றார். இருமல் அடங்கக் காத்திருந்து மறுபடியும் சொன்னார். "காசி நல்லா கட்டுறான்னா. உன் புண்ணியத்துல பத்து நாளு சோறு துன்னோம்மா."

அவர் என்னை அடித்திருந்தால் தேவலாம். குவளையை வைத்துவிட்டு எழுந்து ஓடி வந்துவிட்டேன். அடுத்த அமாவாசை வரை அவர் இருக்கவில்லை.

பவுனம்மாளைப் புதைத்த மறுநாள் காலை வற்றத்துக்கு முன்னால் குப்பம்மா என்னைப் பனைமரத்துக்குப் பின்னால் கூப்பிட்டாள். எனக்கு அடக்க முடியவில்லை.

"பல்லே இல்லாதவ எதால கடிச்சா பெரிம்மா? அதச் சொல்லு மொதல்ல!"

அவள் கோபப்படவில்லை. "அத ஒருத்தியாவது கேட்டாளா?" என்றாள். "கேக்க மாட்டாளுங்க. கேட்டா எல்லாரும் கொண்டையை அவுத்துக் காட்டணும். பன்னெண்டு பேருல எத்தினி பேரு நிப்பாளுங்க, எண்ணிப் பாரு."

"உன் இடுப்புல ஓடு இருந்துச்சே. எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் ஒண்ணு செருகிகினு எறங்கியிருப்பேனே. அவ பொழச்சிருப்பாளே!"

"நீயும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள். பிடரியில் நூல் அறுத்த தழும்பு, மாட்டுக் கழுத்தில் நுகத்தடி உராய்ந்த இடம்போல் கறுத்துக் காய்த்துப் போயிருந்தது. பத்து நாளில் வந்த தழும்பு இல்லை, பல வருஷத்துத் தழும்பு. முந்தின நாள் மிதந்து போன பறிகளில் எத்தனை ஓட்டால் அறுத்துவிட்டவை என்று அப்போதுதான் தோன்றியது எனக்கு. ஒரு புது நூலைத் தோளுக்கு மேலாக நீட்டினாள்.

"நானே கட்டிப்பேன். இன்னிக்கு நீ போடு."

நூலை வாங்கினேன். "உருவு முடிச்சாப் போடட்டுமா?"

"உருவு முடிச்சு அவுந்துடும். இறுக்கு."

இறுக்கினேன். அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். வற்றம் தொடங்கியிருந்தது. பவுனம்மாள் நின்ற இடத்தை மூடிக்கொண்டு, தோளோடு தோள் சேர்ந்து பதினொரு பேர் இறங்கினோம். எல்லோர் வாயிலும் கயிறு இருந்தது.