மெதுவா, வெண்டெல்

...இங்கேதான், மறுபடியும் இங்கேதான், இரண்டாம் சரணம் முடிந்து குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில், ஹெட்போனுக்குள் ரூஃபஸின் கனத்த குரல் "மெதுவா, வெண்டெல், அவசரமில்ல" என்றது, லீமன் பாடுவதை நிறுத்திவிட்டான். டேப் நின்றது. ஏழாவது தடவை. வெண்டெல் இங்கே எங்கே இருக்கிறான், தொண்டையில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பேசுகிறான், ஆனால் நால்வர் குழுவில் மற்ற மூவரும் துணைக்குரல் பதிந்தது மார்ச்சில், அப்போது வெண்டெல் அவர்களுக்கு முன்னால் நின்று பாடினான், இப்போது அவன் இடத்தில் லீமன், டேப்பில் இன்னும் அவன் பெயர்... சர்ச்சில் பாடுகிறவருக்குக் குரல் உடைந்தால் பெஞ்சிலிருந்து அப்படித்தான் சொல்வார்கள், பெயரைச் சொல்லி. பெயரைச் சொன்னால்தான் அது தாங்கிப் பிடிப்பது. இந்த டேப்பில் பிடித்திருப்பது வெண்டெலை, விழுவது நான், யார் என்னைப் பிடிப்பார்கள்? லீமன் தபால் நிலையத்தில் தினமும் அடுத்தவர் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து அடுக்குகிறான், ஒன்றையாவது திறந்து படித்ததுண்டா? கண்ணாடிக்குப் பின்னால் தயாரிப்பாளர் கால்வர்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்குள் முடியாவிட்டால் திங்கட்கிழமை சிகாகோவிலிருந்து பெயர் பெற்ற பாடகர் ஒருவர் வருவார், ஆல்பம் அவருடையதாகும், லீமன் திரும்பவும் கடிதம் பிரிக்கப் போவான், அவ்வளவுதான், அதில் என்ன குறைச்சல், பிலடெல்பியாவில் கடிதத்துக்கா பஞ்சம்...

கதவு திறந்தது. ரூஃபஸ், பின்னால் மற்ற இருவர். "ஏய் எலுமிச்சை, என்னடா, என் குரல் கேட்டா பயமா?" முதல் நாளே லீமன் என்ற பெயர் அவர் காதில் லெமன் என்று விழுந்தது, அன்றிலிருந்து எலுமிச்சைதான், ஒருநாள்கூட உண்மைப் பெயர் வந்ததில்லை. ரூஃபஸ் கண்ணாடியைத் தட்டினார். "கால்வர்ட், எங்க குரலை அழிச்சுடுங்க. இவனோட நின்னு மறுபடி பாடுறோம்." "அதுல வெண்டெல் பேரு இருக்கு, ரூஃபஸ்." "தெரியும்யா, நான்தானே சொன்னேன்." அழித்தால் அந்தப் பெயர் எங்கே போகும்? லீமன்தான் கேட்டான். "வெண்டெல் அண்ணன்கிட்ட கேட்டீங்களா?" "நேத்தே கேட்டேன். சிலேட்ல எழுதிக் காட்டினான்." "என்னன்னு?" "'இன்னுமா பாடி முடிக்கல?'ன்னு."

ஒரே மைக்கைச் சுற்றி நால்வரும் தோளோடு தோள் நின்றார்கள், ரூஃபஸிடமிருந்து புதினா மிட்டாய் வாசனை, டேப் ஓடியது, முதல் சரணம், இரண்டாம் சரணம், அந்த இடம் வருகிறது, வந்துவிட்டது, இப்போது என்ன சொல்வார், பழக்கத்தில் வெண்டெல் என்றே வந்துவிட்டால்? "மெதுவா, எலுமிச்சை, அவசரமில்ல." சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதை அடக்கப் போய் குரல் நடுவில் பிளந்து மேலே போனது, வெண்டெல் ஒருநாளும் போகாத மாதிரி, கோணலாக... கால்வர்ட் டேப்பை நிறுத்தவில்லை. கேட்பவர்கள் அழுகிறான் என்று நினைப்பார்கள். ஊர் முழுக்க ரேடியோவில் எலுமிச்சை என்று ஒலிக்கும், அம்மா என்ன சொல்வாள்? ரூஃபஸுக்கு அவன் பெயர் உண்மையிலேயே தெரியுமா, தெரிந்துதான் சொல்லவில்லையா, கேட்டுவிடலாமா... மூன்றாம் சரணம் நெருங்கியது. ஓரக்கண்ணால் பார்த்தான். வெண்டெல் வழக்கமாக மூச்சு இழுக்கும் இடம் கடந்து போயிற்று, மூவரில் ஒருவரும் இழுக்கவில்லை, லீமன் எப்போது இழுப்பான் என்று அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.