பதினேழாம் பக்கம்

பனாஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு நாவலின் பதினேழாம் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தான். எதிரில் நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். பனாஸ் என் கணவன், மாட்டு டாக்டர். ஊசி போட்டால் மாட்டுக்கே தெரியாது, அப்படிப்பட்ட கை. எழுத்து மட்டும் கோழி கிளறியது போல இருக்கும். அந்தக் கையெழுத்தைத் திருத்தித் திருத்தி, ஒரு காற்புள்ளிகூட விடாமல் அவன் ஒரு பக்கத்தை நகல் எடுத்து முடிப்பதற்குள் காலைப்பொழுதே போய்விடும்.

"கிழிச்சு அடுப்புல போடறதுக்கு இவ்வளவு சடங்கா?" என்றேன்.

"முகப்புல வெறும் பேருதான் இருந்துச்சு, கிழிச்சேன். இது கதை, மெலானியா. கதைக்கு நடுவுல ஓட்டை போடச் சொல்றியா?"

"நம்ம நெஞ்சுல ஓட்டை விழாம இருந்தா சரி."

எங்கள் நாட்டு நூலகங்களில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இரண்டு முத்திரை இருக்கும். ஒன்று முகப்பில், இன்னொன்று பதினேழாம் பக்கத்தில். முதல் தாளைக் கிழித்துவிட்டு என் சொந்தப் புத்தகம் என்று சாதிப்பவனைப் பிடிக்க யாரோ எப்போதோ செய்துவைத்த ஏற்பாடு. ரஷ்யர்கள் ஊரைப் பிடித்ததும், எங்கள் மொழிப் புத்தகங்களையெல்லாம் நூலகத்தின் பின்னறையில் குவித்துவைக்க வேண்டும், லாரி வந்து அள்ளிப்போகும் என்று உத்தரவு வந்தது. நூலகர் நெல்யா பெத்ரிவ்னா எல்லாவற்றுக்கும் பவ்யமாகத் தலையாட்டினாள். பிறகு குவியலின் அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவி, முட்டைக்கோஸ் கூடையில் வைத்து, நம்பிக்கையான வாசகர்களின் வீட்டுக்குக் கடத்தினாள். பெரும்பங்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. ஊரில் பனாஸுக்கு இருக்கும் புத்தகப் பித்து வேறு யாருக்கும் கிடையாது.

"ரெண்டு தாளையும் இன்னிக்கே கிழிச்சிடுங்க டாக்டர்," என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். "சொந்தப் புத்தகம்னா முறைச்சுட்டுப் போயிடுவாங்க. முத்திரையோட ஒண்ணு கெடைச்சா, நீங்களும் நானும் சேர்ந்துதான் நிலவறைக்குப் போகணும்."

நிலவறை என்றால் ஆற்றோரத்துத் தானியக் கிடங்கின் அடித்தளம், பிடித்தவர்களை விசாரிக்கும் இடம். அங்கே போய்த் திரும்பிய ரொட்டிக்கடை ஸ்தெபானால் இன்றுவரை கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. பெற்று வளர்த்ததுபோல அந்தப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்ட நூலகரே கிழிக்கச் சொல்கிறாள். இந்த மனிதனுக்கு மனசு வரவில்லை. பக்கத்தை எழுதி முடித்து, அதே இடத்தில் ஒட்டிய பிறகுதான் அசலை அடுப்பில் போடுவான். பாதி அலமாரி முடிந்திருந்தது. மீதிப் பாதி முத்திரையோடு நின்றது.

அந்தக் காலையில்தான் வந்தார்கள். ஜன்னல் வழியாகச் சீருடை தெரிந்தது. மேசையில் விரிந்திருந்த புத்தகத்தின் மேல் உருளைத் தோலை அப்படியே கவிழ்த்தேன். இளவட்டங்கள் இரண்டு பேர் தொழுவத்தைக் கிளறப் போனார்கள். மூன்றாமவன் எங்கள் வயதுக்காரன், நரைத்த மீசை. நேராக அலமாரியிடம் போய்த் தலையைச் சாய்த்து ஒவ்வொரு புத்தக முதுகாகப் படித்தான். ஒன்றை உருவினான். அது எழுதி முடித்ததா முடிக்காததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாப் புத்தகமும் ஒன்றுதான். பனாஸின் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சின்ன வயசுல நூலகத்துல ஒரு புத்தகம் திருடினேன், வீட்டம்மா," என்றான் மீசைக்காரன், ஏதோ விருந்துக்கு வந்தவன் போல. "மொதத் தாளைக் கிழிச்சுட்டுப் பழைய புத்தகக் கடைக்கு விக்கப் போனேன். கடைக்காரன் அட்டையைக்கூடப் பாக்கல. நேரா பதினேழாம் பக்கத்தைத் திறந்தான். அப்பறம் என் காதைப் பிடிச்சான்."

சொல்லிக்கொண்டே திறந்தான். அங்கே பனாஸின் கோழிக் கிறுக்கல் இருந்தது.

அவன் உதடுகள் அசைந்தன. எங்கள் மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தான். ஒட்டிய தாளின் ஓரத்தை விரலால் தடவினான், திருப்பினான், அடுத்த பக்கத்துக்கும் போனான். பிறகு நிமிர்ந்து மேசையைப் பார்த்தான். பேனா, பனாஸின் விரலில் மை, நடுவில் தோல் குவியல். 

"பாதிதான் புரியுது. ஆனா நல்லாருக்கு," என்றான். "எடுத்துட்டுப் போறேன் டாக்டர். படிச்சுட்டுக் கொண்டாந்து தரேன்."

தொழுவத்திலிருந்து வந்தவர்களிடம், "இங்க ஒண்ணுமில்ல, வாங்க," என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான்.

அன்று மத்தியானமே மீதிப் புத்தகங்களில் பதினேழாம் தாளை நானே கிழித்தேன். நகலுமில்லை, சடங்குமில்லை. பனாஸ் கிணற்றடியில் வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அடுப்பில் தாள் சுருண்டபோது எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் ஒரு நாவலைக்கூட முழுதாகப் படிக்காதவளுக்கு எதற்கு அழுகை என்று என்மேலேயே கோபம் வந்தது. கிழித்து என்ன பயன்? மாட்டிக்கொள்ள ஒரு புத்தகம் போதும், அது அந்த மீசைக்காரன் கையில் இருக்கிறது.

நடந்ததைக் கேள்விப்பட்டு நெல்யா பெத்ரிவ்னா வெறும் கூடையோடு வந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்பிடுங்க. பாலத்துல இன்னும் ஆளுங்களை விடறாங்களாம்."

"நாங்க போயிட்டா அடுத்து உங்க வீட்டுக் கதவைத்தானே தட்டுவாங்க?" என்றான் பனாஸ். "நீங்களும் வாங்க."

"நான் ஒரு நாள் வரலன்னா பின்னறையை எண்ண ஆரம்பிச்சிடுவாங்க டாக்டர். அப்பறம் கூடையைத் தொட்ட எல்லாரும் மாட்டுவாங்க."

 மூன்று பேரில் யார் அசைந்தாலும் இன்னொருவர் கழுத்தில் கயிறு இறுகும். பனாஸ் தேநீரைக் கலக்கினான்.

"தடிப் புத்தகம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆளு. நாளாகும்."

பக்கத்தில் பூரிக்கட்டை இருந்திருந்தால் அவன் மண்டையிலேயே போட்டிருப்பேன்.

அதன் பிறகு எங்களுக்கு இருந்த ஒரே வேலை, அந்த மீசைக்காரன் படித்து முடிக்கக் காத்திருப்பது. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் கரண்டி கையில் அப்படியே நிற்கும். மாடு ஈன்ற வீட்டுக்குப் போன பனாஸ் திரும்பி வரும்வரை நான் வேலியோரம் அலைவேன். அவனுடைய கம்பளிக் காலுறை, இரத்த அழுத்த மாத்திரை, உலர்ந்த ரொட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டிவைத்தேன். நிலவறையில் குளிரும் என்று ஸ்தெபானின் மனைவி சொல்லியிருந்தாள். பனாஸ் அந்தப் பையைக் கண்டும் காணாதவன் போல நடந்தான். இரவில் மட்டும், அந்த ஆள் இப்போது எந்த அத்தியாயத்தில் இருப்பான் என்று முணுமுணுப்பான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன்.

தோட்டத்தில் ஆப்ரிகாட் பழுத்து விழத் தொடங்கியிருந்த ஒரு காலை, வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே இன்னும் இரண்டு தலைகள் தெரிந்தன. மீசைக்காரன் மட்டும் இறங்கினான். அவன் கையில் எங்கள் புத்தகம் இருந்தது. படியில் நின்று பூட்ஸின் சேற்றை நிதானமாகத் தேய்த்தான். அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"வந்துட்டான்," என்றேன். 

பையை ஆணியிலிருந்து எடுத்தேன். பனாஸின் மேல்கோட்டை உதறி, அவன் கைகளை நுழைப்பதற்குத் தோதாக விரித்துப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். பனாஸ் கதவுப் பக்கமே வரவில்லை. அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு புத்தகமாக உருவிப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கிழிசலாக இருந்ததை உள்ளே தள்ளினான், இன்னொன்றை எடுத்தான், அதையும் தள்ளினான். தன் கையெழுத்து உள்ளதாக ஒன்றைத் தேடினான், மீசைக்காரன் அடுத்துப் படிக்கக் கொடுத்தனுப்ப.

கதவு தட்டப்பட்டது. நான் கோட்டை விரித்தபடியே நின்றேன்.