காலி எடை

என் அப்பாவுக்கு வாரத்தில் மூன்று முறை கைதட்டல் கிடைத்தது. பாடியதற்கோ பேசியதற்கோ அல்ல, டயாலிசிஸ் வார்டு வாசலில் இருந்த எடைக் கருவியில் ஏறி நின்றதற்கு.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உடம்பில், குடிக்கிற தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். அதனால் தண்ணீர் இல்லாத எடை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கை டாக்டர் குறித்து வைத்திருப்பார். அதற்கு மேல் ஏறியதெல்லாம் தண்ணீர், அதை இயந்திரம் உறிஞ்சி எடுக்கும். நிறைய ஏறியிருந்தால் சிஸ்டர் வார்டு முழுக்கக் கேட்கத் திட்டுவார். கொஞ்சமாக ஏறியிருந்தால் எல்லோரையும் கைதட்டச் சொல்வார். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது என்பதால், முன்பே வந்து உட்கார்ந்தவர்கள் மற்றக் கையால் தொடையில் தட்டுவார்கள். வளர்ந்த மனிதர்களை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கிற அந்தச் சத்தம் எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை.

“இவரைப் பாத்துக் கத்துக்கங்க. சொன்னா சொன்னபடி இருக்காரு,” என்பார் சிஸ்டர்.

“அவருக்கு நாக்கு அடங்குது சிஸ்டர். என் நாக்கு தனிக் குடித்தனம் போயிடுச்சு, நான் சொல்றத எங்க கேக்குது?” என்பார் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கும் பழக்கடைக்காரப் பெண். தாகம் தாங்காமல் ஐஸ் கட்டியை வாயில் அடக்கி அடக்கித் திட்டு வாங்குவதால் அவர் பெயர் ஐஸ் அக்கா.

வீட்டிலும் அதே பெருமைதான். “என் தம்பிக்கு இரும்பு மனசு,” என்று அத்தை போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த இரும்பு மனசுக்காரர் அணைத்து வைத்த டிவிக்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்தால் இரண்டு வாய், அதோடு “போதும், இறங்கல.” அம்மா அதைப் பத்தியம் என்று நினைத்தாள். கட்டிலில் படுக்காமல் நாற்காலியில் சாய்ந்தே தூங்கினார். கேட்டால், “இப்படித்தான் வசதியா இருக்கு.”

அவருடைய நோய்க்கு எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா இருந்தது, தண்ணீர் அளக்கத் தனி டம்ளர் இருந்தது. அவர் மனசுக்கு மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லோரும் ஒரே மருந்தை வைத்திருந்தார்கள்: “தைரியமா இருங்க.” அதைச் சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடுவார்கள். இந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். அங்கே படித்ததில் இதற்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் மட்டும் நன்றாக வந்தது.

அன்று காலை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அப்பா ஸ்க்ரூடிரைவர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பெல்ட்டை ஸ்டூலின் மேல் வைத்து அழுத்தி ஓட்டை போட ஆரம்பித்தார். அதே பெல்ட்டில், கடைக்காரன் போட்ட ஓட்டைகளைத் தாண்டி, கோணல்மாணலாக வேறு சில ஓட்டைகளும் இருந்தன. எல்லாம் அவரே போட்டவை.

அப்பா எடை மேடையில் வேலை பார்த்தவர். லாரி முதலில் காலியாக ஏறும், பிறகு சரக்கோடு ஏறும். இதிலிருந்து அதைக் கழித்தால் சரக்கு. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அந்தக் கேபினில்தான் வீட்டுப்பாடம் எழுதுவேன். லாரி ஏறும்போது கண்ணாடி அதிரும். “எப்பவும் வர்ற வண்டிதானண்ணே, போன தடவை போட்ட காலி எடையையே போட்டுக்கங்க,” என்று டிரைவர்கள் கெஞ்சுவார்கள். அப்பா மசிய மாட்டார். “போன தடவை ஸ்டெப்னி இருந்துச்சு, இப்ப இல்ல. காலி எடை தப்புன்னா எல்லாமே தப்பு. திருப்பி ஏத்துப்பா.”

பெல்ட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா, உங்க காலி எடை மாறிடுச்சு.”

அவர் ஸ்க்ரூடிரைவரை இன்னும் அழுத்தினார்.

“சதையெல்லாம் கரைஞ்சு போச்சு. அது போன இடத்துல தண்ணி நிக்குது. அதனாலதான் மிஷின்ல எப்பவும் ஒரே எடை காட்டுது. படுத்தா மூச்சு முட்டுதுதானே?”

“ம்.”

“இது உங்களுக்குத் தெரியாம இருக்காதே?”

“முத ஓட்ட போட்டப்பவே தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

“சொன்னா என்ன ஆகும்? இன்னும் கொஞ்சம் தண்ணி எடுப்பாங்க. அப்புறம் திரும்ப அதே நாற்காலி.” பெல்ட்டை ஊதித் தூசியைத் தட்டினார். “விடும்மா. எல்லாரும் சந்தோஷமா கைதட்டுறாங்க. அது பாட்டுக்குப் போயிட்டிருக்கட்டும். என்னைக்காவது ஒரு நாள் அதுவா...”

சமையலறை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. நான் அப்பா பக்கம் திரும்பினேன்.

“சாகறதுக்குக் கைதட்டு வாங்கறீங்களா? நல்லா இருக்குப்பா, ரொம்ப நல்லா இருக்கு!”

ஆட்டோவில் ஏறினோம். அம்மா வழி முழுக்க அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வார்டில் அவர் கருவியில் ஏறினார். சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, “சூப்பர்! எல்லாரும் ஒரு தட்டு தட்டுங்க,” என்றார்.

“தட்டாதீங்க!” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “இவரு சாப்பிடறதே இல்ல. நீங்க வச்சிருக்கறது இவரோட பழைய எடை.”

“ஏம்மா, காலங்காத்தால கத்தறே? மிஷின் பொய் சொல்லுமா? டாக்டர் குறிச்சுக் கொடுத்தது இது.”

“மிஷின் பொய் சொல்லல சிஸ்டர்...”

அதற்குள் அப்பா இறங்கித் தன் நாற்காலிக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பேசாமல் போய் உட்கார்ந்தால் இன்றைக்கும் அந்தக் கணக்குதான், நாளைக்கும் அதுதான். நான் எவ்வளவு கத்தினாலும் நான் கத்துகிற பெண், அவர் சமர்த்து நோயாளி.

“அண்ணே,” என்றார் ஐஸ் அக்கா. கையில் குழாய்கள் ஓட, தலையை மட்டும் திருப்பினார். “உங்க பொண்ணு சொல்றது நெசமா?”

அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

“நான் ஐஸைத் தின்னுட்டுத் திட்டு வாங்கறேன். நீங்க பட்டினி கிடந்து மார்க் வாங்கறீங்களா? உங்களைப் பாத்து நான் எவ்வளவு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா!”

யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. சட்டையைத் தூக்கி, இடுப்பைச் சுற்றி வந்து தொங்கிய பெல்ட்டின் நுனியை சிஸ்டரிடம் காட்டினார்.

“நெசம்தாம்மா. அந்தக் காலி எடை தப்பு. மாத்திக் குறிங்க.”

சிஸ்டரின் முகம் மாறியது. அவர் குனிந்து அப்பாவின் கணுக்காலை அழுத்தினார். விரல் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. உடனே டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், எடையைக் குறைத்து எழுதினார். பிறகு, “ஏன் சாப்பிடறதில்ல?” என்றார்.

“பத்தியம்...” என்று அம்மா ஆரம்பித்தாள். நானும் வாயைத் திறந்தேன்.

“அவரு சொல்லட்டும்.”

“சாப்பிட மனசு வரல டாக்டர். சாப்பாடுன்னு இல்ல... எதுக்குமே வரல. எழுந்திரிச்சா எதுக்கு எழுந்திரிச்சோம்னு இருக்கு.”

ஐஸ் அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சற்றுக் கழித்து, “எனக்கும் அப்படித்தாண்ணே. நான் வாயால சமாளிக்கறேன்,” என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இந்த நோயோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேருக்கு இது வருகிறது என்றும், இதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றும் டாக்டர் சொன்னார். மாடியில் மனநல மருத்துவர் இருக்கிறார், டயாலிசிஸ் முடிந்ததும் இன்றைக்கே பாருங்கள் என்றார். எனக்கு நிம்மதியைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாளும் அந்த மருத்துவர் இதே கட்டடத்தின் மாடியில் இருந்திருக்கிறார்!

அப்பாவுக்கு ஊசி ஏற்றியதும் அம்மா அத்தைக்குப் போன் செய்து சொல்லிவிட்டாள். அந்தப் பக்கக் குரல் எல்லோருக்கும் கேட்டது. “ஐயையோ, என் தம்பிய பைத்தியம்னா சொல்றாங்க? வெளிய தெரிஞ்சா அசிங்கமில்லையா?”

நான் போனைப் பிடுங்கப் போனேன். அப்பா ஊசி இல்லாத கையை நீட்டினார். கொடுத்தேன்.

“அக்கா, அதெல்லாம் இல்ல. வண்டி ஓடுது. ஓட்டறவன்தான் நடுவுல எங்கயோ இறங்கிட்டான். அவனக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க. வைக்கறேன்.”

டயாலிசிஸ் முடிந்ததும் லிஃப்டில் ஏறினோம். மாடியில் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயர் கூப்பிட்டதும் அப்பா எழுந்தார். நானும் எழுந்தேன்.

“நீ உள்ள வேணாம்,” என்றார். “நான் சொல்றத நீ கேக்க வேணாம்.”

“சரிப்பா.”

கதவைத் திறந்தவர் திரும்பினார்.

“ஆனா போயிடாத. இங்கேயே உக்காந்திரு.”