பத்து எண்ணும்வரை

ஆய்வேடு புதன்கிழமை பைண்டிங்குக்குப் போகிறது என்று பவதாரிணி சொன்னது திங்கட்கிழமை காலையில். சொல்லிவிட்டு ஒரு தாளைச் சங்கிலியிடம் நீட்டினாள். நன்றிப் பக்கம். கைடு பெயருக்கும், மேலூர் குவாரியில் கல் உடைக்கும் அவள் அப்பா பெயருக்கும் அடுத்து, ‘துளியும் பிசகாத கண்ணுக்குச் சொந்தக்காரர் சங்கிலி அண்ணன்’ என்று இருந்தது.

சங்கிலி அந்தக் கல்லூரியின் எலிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். தீனி போடுவது, தண்ணீர் வைப்பது, கூண்டு கழுவுவது அவர் வேலை. தாளைப் படித்ததும் சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி ஆகிவிட்டது. நல்லாயிருக்கு பாப்பா என்று முனகிவிட்டுப் போனவர், கழுவிய கூண்டையே திரும்பக் கழுவினார். சாயங்காலம் வண்டியூரில் இறங்க வேண்டியவர் இறங்காமல் கடைசி ஸ்டாப்வரை போய்த் திரும்பி நடந்தார்.

பவதாரிணியின் ஆராய்ச்சியை அவர் தன் போக்கில் புரிந்துவைத்திருந்தார். அணுவுக்குள் நடப்பது நமக்குப் பழகிய விதிப்படி நடப்பதில்லை. அதற்குக் குவாண்டம் என்று பெயர். மூளை நரம்புக்குள் முடியைவிட மெல்லிய குழல்கள் இருக்கின்றன. நாம் விழித்திருப்பதும் நினைப்பதும் அந்தக் குழல்களில் நடக்கிற குவாண்டம் வேலையாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மூளைச் சூட்டில் அதெல்லாம் கண்ணிமைக்கும் நேரம்கூடத் தாங்காது என்று பலர் சிரிக்கிறார்கள். குழல்களை இறுக்கிப் பிடிக்கும் மருந்தைக் கொடுத்த எலி மயங்குவதற்கு அதிக நேரம் எடுத்தால், சிரிப்பவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். நிரூபணமெல்லாம் இல்லை, ஒரு தடயம், அவ்வளவுதான் என்று அவளே சொல்லியிருந்தாள்.

மொத்தம் பதினாறு எலிகள். எட்டுக்கு மருந்து, எட்டுக்கு வெறும் உப்புநீர். ஊசி போட்டவர் கைடு. நேரம் பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது என்று, எதற்கு எது என்ற பட்டியலை உறையில் போட்டு ஒட்டித் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் எலியை விட்டு, மயக்க வாயுவைத் திறந்து, பெட்டியை உருட்டுவாள் பவதாரிணி. மல்லாந்த எலி புரண்டு எழாமல் கிடந்தால், சங்கிலி மனசுக்குள் பத்து எண்ணி ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். நடுவில் கால் அசைந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. கேமரா வைக்கலாமே என்று கைடு கேட்டபோது, சங்கிலி அண்ணன் கண்ணு போதும் சார் என்று சொன்னவளும் அவள்தான்.

உறையைச் சங்கிலி தொடவில்லை. தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மருந்து ஏறிய எலி தீனியை மிச்சம் வைக்கும். தினமும் கூண்டு கழுவுகிறவருக்கு மூன்றாம் நாளே எட்டும் தெரிந்துபோயிற்று. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். முந்தின வருடம் ஒரு சோதனை ஒன்றுமில்லாமல் போனபோது அவள் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர் அவர். வாய் வரவில்லை. அந்த எட்டில் ஒன்று மல்லாந்து கிடக்கையில் மீசை துடித்தாலும் அவருக்குக் கால் அசைந்ததாகத் தெரிந்தது. மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். மற்ற எட்டில் காலே அசைந்தாலும் மூச்சுதான் என்று தோன்றியது. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பு அப்போது இல்லை. பாப்பாவுக்கு நல்லது நடக்கட்டும் என்றுதான். சராசரியில் நாற்பது விநாடி வித்தியாசம் வந்தது. அவள் லட்டு கொடுத்தாள். அதையும் தின்றார்.

செவ்வாய் மதியம் அவள் டிபன் பாக்ஸைத் திறந்து சோற்றைப் பிசைகையில் பக்கத்தில் போய் நின்றார்.

“சாப்பிட்டு முடி பாப்பா. ஒண்ணு சொல்லணும்.”

“இப்பவே சொல்லுங்கண்ணே. மொகத்த இப்படி வச்சுக்கிட்டு நின்னா சோறு எறங்குமா?”

சொன்னார். தரையைப் பார்த்தபடி, தீனி மிச்சத்திலிருந்து மீசைவரை, ஒன்று விடாமல்.

அவள் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. எந்தெந்தக் கூண்டு என்று மட்டும் கேட்டாள். எட்டு எண்களையும் சொன்னார். கை கழுவிக்கொண்டு போய், சோதனை முடிந்ததும் கைடு உறையைப் பிரித்துக் கொடுத்திருந்த பட்டியலை எடுத்துவந்து ஒத்துப் பார்த்தாள். எட்டும் சரி.

“அந்த நாப்பதுல எம்புட்டு உங்களுது, எம்புட்டு எலியோடதுண்ணே?”

“தெரியலையே பாப்பா.”

“எனக்கும் தெரியாது. ஒருவேள நெசமாவே வித்தியாசம் இருந்திருக்கும். அதையும் சேத்துல்ல அழிச்சுட்டீங்க.”

வைதிருந்தால் தாங்கியிருப்பார். அவள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கைடு அறைக்குப் போனாள். ஆய்வேடு பைண்டிங்குக்குப் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் புது எலிகள் வந்தன. கேமராவும் வந்தது. தீனி போட வேறு ஆள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க வேதியியல் துறையிலிருந்து சுபலட்சுமி என்ற பெண். கூண்டை வாசல்வரை தூக்கிவந்து கொடுப்பது மட்டுமே சங்கிலிக்கு வேலை.

முதல் கூண்டைத் தூக்கியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது. எடை குறைச்சல். தீனி இறங்காமல் இளைத்த எலி. தெரிந்துகொள்ளக் கூடாது என்று நினைப்பதற்குள்ளாகவே தெரிந்துவிட்டது. சுபலட்சுமி கூண்டுக்குக் கை நீட்டினாள். தன் மூஞ்சி ஏதாவது சொல்லிவிடுமோ என்று பயந்து, கொடுத்த கையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஏன்ணே செவுத்தப் பாத்து நிக்கிறீங்க?”

வாய் திறந்தால் குரலும் காட்டிக்கொடுக்கும்.

“அவர விடு, வா,” என்றாள் பவதாரிணி உள்ளேயிருந்து. “அண்ணன் அப்படியே நிக்கட்டும்.”

உள்ளே பெட்டி உருளும் சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.