ஆணி அடிக்காத சுவர்

1

காலை ஏழேகால். எதிர் அறையின் கதவு திறந்திருந்தது. ஒரு பெண் தரையில் குந்தித் தலை வாரிக்கொண்டிருந்தாள். கண்ணாடி தரையில், சுவரோடு சாய்ந்திருந்தது. அந்தச் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை. எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். மீதி நான் இட்டுக்கட்டுவது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: பிழைப்புத் தேடிக் கிராமத்தை விட்டு நகரத்துக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில்—

(அடித்துவிட்டேன். ஆயிரக்கணக்கானோர் தலை வாருவதில்லை.)

கணவனைக் கொத்தனார் ஆக்கினேன். வந்த புதிதில் அவள் கேட்டாள்.

"ஒரே ஒரு ஆணிங்க. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே போச்சு."

"விட்டுட்டுப் போகப்போற சுவருக்கு ஆணி எதுக்கு? அடுத்த வருஷம் ஊர்ல, நம்ம வீட்டுல அடிச்சுத் தர்றேன்."

"ஊரான் வீட்டுக்கெல்லாம் சுவர் எழுப்புற கை, பொண்டாட்டி கேட்டா மட்டும் மரத்துப்போயிடும்."

அடுத்த வருஷம் வந்துகொண்டே இருந்தது. இங்கே பிறந்த மகள், இப்போது அந்தக் கண்ணாடிக்கு அம்மாவோடு சண்டை போடுகிறாள்.

(கொத்தனார் பிடிவாதக்காரரா, பயந்தவரா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

3

ஊரிலிருந்து கொத்தனாரின் தம்பி போனில் பேசினான். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதே. மழையில உன் பங்கு வீட்டுச் சுவர் விழுந்துடுச்சு. சும்மா கிடக்குற இடம்தானேன்னு என் வீட்டோட சேர்த்துக் கட்டிட்டேன். நீங்கதான் அங்கயே தங்கிட்டீங்களே."

கொத்தனார் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"பூச்சு வேலை யாரு பார்த்தா?" என்றார்.

4

முடிவுகள்.

அவர் ஊருக்குப் போய்ச் சண்டை போடுகிறார். (வேலையை யாரிடம் விட்டுவிட்டு? ஜெயித்தால் மகள் அங்கே வருவாளா?)

அவள் இறந்துபோகிறாள். முதல் ஆணி அவள் படத்துக்கு. (எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர் அறையில் தலை வாரிக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டேன்.)

மூன்றாவது: சாயங்காலம் கொத்தனார் சுத்தியலோடு வந்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். ஆணியைச் சுவரில் வைத்தார். அவள் குறுக்கே வந்து அந்த இடத்தைக் கையால் மறைத்தாள்.

"வேணாம்."

"நீதானே இத்தனை வருஷமா கேட்டே?"

"அப்போ போறதுக்கு ஒரு வீடு இருந்துச்சு."

5

இதற்குமேல் என்னால் நகர்த்த முடியவில்லை. அவள் கை சுவரில் இருக்கிறது. சுத்தியல் இன்னும் இறங்கவில்லை. வேண்டுமானால் நீங்கள் அந்தக் கையை—

கொத்தனார் என்னை முந்திக்கொண்டு அவளிடம் கேட்டார்: "சரி, அழாதே. உன் முகம் தெரியணும்னா எந்த உசரத்துல அடிக்கட்டும்? அதை மட்டும் சொல்லு."