முக்தாவின் ரூம்மேட்

மகாராஷ்டிரத்தில் வேலைக்குப் போகும் பெண்களில் பாதிப் பேருக்கு அந்த ரூம்மேட்டைத் தெரியும். "நம்மள மாதிரி சாங்லிப் பொண்ணுங்களுக்கு அதெல்லாம் எதுக்குடி? உன்னால முடியாது. கிடைச்ச வேலையைப் பிடிச்சுக்கிட்டுக் கிட" என்று முக்தாவிடம் சொன்ன பாவி அவள். இன்டர்வியூவுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது, சம்பள உயர்வை எந்த வாயால் கேட்பது என்று செல்போனில் ஊரெல்லாம் கேட்கும் தன் நிகழ்ச்சியில் முக்தா எந்த யோசனை சொன்னாலும் நடுவில் அந்த ரூம்மேட் ஒரு முறை வந்து திட்டு வாங்கிக்கொண்டு போவாள். "உங்க வாழ்க்கையிலயும் ஒரு ரூம்மேட் இருப்பா. முதல்ல அவளை விட்டு வெளியே வாங்க" என்று முக்தா முடிக்கும்போது எங்கெங்கோ இருக்கும் பெண்களெல்லாம் தலையாட்டுவார்கள்.

அந்தப் பாவியின் பெயர் கேதகி. தாணேயில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து பைல் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசைக்காரிக்குக்கூட விஷயம் தெரியாது.

நடந்தது இவ்வளவுதான். இருவரும் சொந்த ஊரான சாங்லியிலிருந்து ஒன்றாக மும்பைக்கு வந்து, தாதரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே அளவு என்பதால் அலமாரியில் எது யாருடையது என்ற கணக்கே கிடையாது. யாருக்கு அன்று இன்டர்வியூவோ அவளுக்கு நல்ல உடுப்பு, மற்றவளுக்கு மிச்சம். இருவருக்கும் இதே அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. அப்புறம் முக்தாவுக்கு ஒரு பேஷன் பத்திரிகையில் எடுபிடி வேலை கிடைக்க, அந்தேரிக்கு ஜாகை மாறக் கிளம்பினாள். கேதகி அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு "போகாதடி" என்று அழுதாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடியாது என்றோ எதுக்கு என்றோ அவள் வாயில் வரவே இல்லை.

அந்தக் கதையை முதல் தடவை கேட்டபோது கேதகிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாளாக ஆகக் கோபம் வடிந்துவிட்டது, கேட்கிற பழக்கம்தான் போகவில்லை. லிப்ஸ்டிக் நிறமும் சம்பள உயர்வும் யாருக்கு வேண்டும்? பேச்சு சூடு பிடிக்கும்போது முக்தாவின் குரலில் சாங்லி இழுவை எட்டிப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்காக ரயிலிலும் சமையலறையிலும் காத்திருந்து கேட்டாள்.

"இந்த அம்மா சொன்னதுல ஒண்ணாவது நீ செஞ்சிருக்கியா?" என்று அவள் கணவன் நிலேஷ் கேலி செய்வான்.

"கேக்க நல்லா இருக்கு, கேக்கறேன். உங்களுக்கென்ன?"

நேரில் ஒரு தடவை பார்த்து "நான் அப்படிச் சொல்லலைடி" என்று சொல்லிவிட வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. செல்போனில் முக்தாவுக்கு எத்தனையோ முறை எழுதி எழுதி, அனுப்பாமல் அழித்திருக்கிறாள்.

அந்த முக்தாவையே இந்த வருஷம் மகளிர் தினத்துக்கு அலுவலகத்தில் அழைத்துவிட்டார்கள். எல்லாப் பெண்களும் ஊதா நிறத்தில் வந்து கையில் ஆளுக்கொரு ரோஜாவோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களை வெளியே அனுப்பியாகிவிட்டது. கேதகி கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தாள்.

"சேலையை எப்படிக் கட்டினா மீட்டிங்ல தைரியமாப் பேசலாம்னு காட்டறேன். யாராவது ஒருத்தர் மேல வாங்க" என்றாள் முக்தா.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த சானிகா சும்மா இருப்பாளா? "கேதகி அக்கா, நீங்க போங்க! உங்க முந்தானை எப்பப் பாத்தாலும் பைலுக்குள்ள மாட்டிக்கிட்டுத்தானே இருக்கு!" என்று கத்தினாள். கூடமே சிரித்தது. நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போய் அவளை மேடையில் ஏற்றினார்கள்.

முக்தா அவளைப் பார்த்தாள். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

"உங்க பேர் என்னங்க?" என்று மைக்கில் கேட்டாள்.

கேதகி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "கேதகி" என்றாள்.

"அழகான பேர். பாருங்க, முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே இருந்தா, கையைத் தூக்கி நம்ம பேச்சைப் பேச முடியாது. தோள்ல இறுக்கிக் குத்தணும். கொசுவத்தையும் சரியாச் செருகணும்." பேசிக்கொண்டே முக்தா மைக்கை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்தாள். இடுப்பில் யார் கை பட்டாலும் கேதகி நெளிந்து சிரித்துவிடுவாள். அது ஹாஸ்டலில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

"மூச்சைப் பிடிச்சுக்கோ" என்றாள் முக்தா, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

கேதகி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வரவில்லை, கண்தான் நிறைந்தது.

முக்தா பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டு முந்தானையை மடித்துக்கொண்டிருந்தபோது சானிகா எழுந்தாள். "மேடம், அந்த ரூம்மேட்டை அப்புறம் எப்பவாவது பாத்தீங்களா?"

வாயில் பின் இருந்ததால் முக்தாவுக்குப் பதில் சொல்லாமல் இருக்கச் சாக்குக் கிடைத்தது. மடிப்பை நீவினாள், பிரித்தாள், மறுபடி நீவினாள். பின்னைக் குத்தி முடித்த பிறகுதான் மைக்கை எடுத்தாள்.

"பாத்தா என்ன சொல்றதுன்னு இன்னும் தெரியலைம்மா" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். எதற்கென்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

நிகழ்ச்சி முடிந்து, போட்டோவெல்லாம் எடுத்து முடித்த பிறகு, கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக நின்றார்கள்.

"நான் அப்படிச் சொல்லலை, முக்தா."

"தெரியும்."

"போகாதன்னுதான் சொன்னேன்."

"தெரியும்டி." முக்தா குழாயை மூடினாள். "முடியாதுன்னு சொன்னவளை உதறிட்டுப் போறது சுலபம். அழுதுக்கிட்டுப் பையைப் பிடிச்சவளை விட்டுட்டு எப்படிப் போறது? அதான் உன்னை அப்படி மாத்திக்கிட்டேன். அந்தேரில தனியா, தினமும் உன்னைத் திட்டித் திட்டித்தான் தூங்கினேன். இல்லேன்னா மறுநாளே ஓடி வந்திருப்பேன்."

"வந்திருக்கலாமே?"

முக்தா கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த மேசைகளைப் பார்த்தாள். கேதகியும் பார்த்தாள். அவளுடைய மேசையில் பைல்கள் காலையில் வைத்தபடியே கிடந்தன. வந்திருந்தால் பக்கத்து மேசையில் முக்தாவும் பைல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெளியிலிருந்து "மேடம், கார் வந்துடுச்சு" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"இனிமே அந்தக் கதையைச் சொல்லலை. சத்தியமா" என்றாள் முக்தா. சாங்லி இழுவை அப்படியே இருந்தது.

"சொல்லு. அதுலயாவது நான் உன்கூடவே சுத்திக்கிட்டிருக்கேன்."

முக்தா அவள் கையை ஒரு முறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு கண்ணைத் துடைத்து, உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு காருக்குப் போனாள்.

அன்று ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் கேதகி உட்காரவில்லை. கொசுவம் கசங்கிவிடும் என்று நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் நிலேஷ் தட்டு எடுத்து வைத்துவிட்டு, "சேலையை மாத்திட்டு வாயேன், சாப்பிடலாம்" என்றான்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் கேதகி. "நான் இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்."