சிரிக்கும் நீச்சல்காரி

ஒன்னோவுக்குப் பிடிக்காதவர்கள் இரண்டே வகைதான். தேநீரில் கற்கண்டைப் போட்டுவிட்டு, அது தானாகக் கரையும்வரை பொறுக்காமல் கரண்டியால் கலக்குகிறவர்கள் ஒரு வகை. படத்தைத் தவறான தலைப்பின்கீழ் போடுகிறவர்கள் இன்னொரு வகை.

ஓல்டர்ஸீல் ஊர் நூலகத்தின் பின்னறையில் மாதம் ஒரு சனிக்கிழமை அவரும் நான்கைந்து பேரும் கூடுவார்கள். இலவச அலுவலக மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கும் படத் தொகுப்பை ஒழுங்குபடுத்துவதுதான் வேலை. அழைப்பிதழின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்னப் படங்கள். மாடு, கேக், குடை, தபால்பெட்டி, எல்லாம் யாரோ வரைந்து சும்மா கொடுத்தவை. மாட்டைப் பண்ணைத் தலைப்பில் சேர்ப்பதா, பால் தலைப்பில் சேர்ப்பதா என்று அரை நாள் சண்டை நடக்கும். சம்பளம் கிடையாது. அதனாலோ என்னவோ சண்டைக்குப் பஞ்சமே இல்லை.

கொடுத்த படத்தை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அங்கே சட்டம். வரைந்தவர் யார் என்று சந்தேகம் வந்தால் மட்டுமே ஒரு படத்தை நீக்கலாம், அதற்கும் இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும். அப்படிப் போன படம் திரும்பி வராது. இதையெல்லாம் எழுதிவைத்தவரே ஒன்னோதான். "ஒரு படம் எனக்குப் பிடிக்கலைன்னா?" என்று கூட்டாளி கேஷே ஒருமுறை கேட்டதற்கு, "கண்ண மூடிக்கோ" என்று வாயை அடைத்தவர்.

ஒன்னோ வரைந்த படமும் தொகுப்பில் ஒன்று இருந்தது. ரப்பர் தொப்பியோடு, வாயெல்லாம் பல்லாகத் தண்ணீரிலிருந்து எழும் ஒரு பெண். அவர் மனைவி இம்கேதான் அது. முன்பல் இடைவெளிகூட அப்படியே. நீச்சல் வகுப்பு விளம்பரங்களில் அதைப் பார்க்கும்போதெல்லாம் இம்கே முன்பின் தெரியாதவர்களிடமும், "இது நான்தான்" என்று சொல்லிவிடுவாள். ஒன்னோ கூச்சப்படுவதுபோல் நடிப்பார்.

மார்ச் மாதத்தில் ஊரின் நீச்சல்குளத்தை மூடப்போவதாக நகராட்சியில் அறிவிப்பு ஒட்டினார்கள். இம்கே தினமும் காலையில் நீந்தும் குளம். "நிரந்தரமாக மூடப்படும்" என்ற வரிக்குப் பக்கத்திலேயே படத்து இம்கே ஈயென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்னோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ ஒரு எழுத்தர் 'நீச்சல்' என்று தேடியிருப்பார், மேலே வந்ததை எடுத்து ஒட்டியிருப்பார். அந்தப் படம் மேலே வரும்படி அடுக்கியதும் ஒன்னோதான். யாரைத் திட்டுவது?

அடுத்த சனிக்கிழமை அந்தப் படத்துக்கு எதிரே, 'வரைந்தவர் யாரென உறுதியில்லை, நீக்கவும்' என்று எழுதினார். கேஷே எட்டிப் பார்த்தாள்.

"இது உன்னோடதுன்னுல்ல நெனச்சேன்?"

"எங்கயோ பாத்துக் காப்பியடிச்சிருப்பேன் போல."

"நீயே சொன்னா சரி" என்று அவளும் சம்மதித்தாள். பட விஷயத்தில் ஒன்னோ பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? நீச்சல்காரி தொகுப்பிலிருந்து மறைந்தாள். அன்று அவருக்குப் பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

சில வாரம் கழித்து ஒரு மாலை, இம்கே கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கேஷேவைப் பாத்தேன். குளத்தைக் காப்பாத்த நாங்க நோட்டீஸ் போடறோம்ல, அதுல என் படத்தைப் போட்டுத் தரச் சொன்னேன். முடியாதுங்கறா. அது வேற யாரோ வரைஞ்சதாம். எழவு சொல்ற மாதிரி இழுத்து இழுத்துச் சொல்றா."

ஒன்னோ தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"பல் டாக்டர்கிட்டகூட நான்தான்னு பீத்திக்கிட்டேனே. நீ வரையலைன்னா அது நான் இல்லையே. யாருய்யா அவ?"

"எவ?"

"அந்தப் படத்துல சிரிக்கிறாளே, அவதான்."

குரல் உயரவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. இத்தனை வருஷத்தில் இம்கேவை இப்படி அவர் பார்த்ததில்லை. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"நீதான், இம்கே. நான்தான் பொய் எழுதினேன். அந்த அறிவிப்புல உன்னைப் பாத்ததும் தாங்க முடியல. அதான் எடுத்துட்டேன்."

இம்கே எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

"கோபம் அவங்க மேல. அழிச்சது என்னையா?"

ஒன்னோ எழுந்தார். அப்போதே கேஷேவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு, "போன படம் திரும்பி வராது. யார் எழுதின சட்டம்னு உனக்கே தெரியும்" என்றாள்.

ஒன்னோ பென்சிலை எடுத்தார். இம்கே பையிலிருந்து ரப்பர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் சிரியேன்."

"சிரிப்பு வரல. இருக்கறதை வரை."

உதடு இறுகிய, கண்ணை எடுக்காமல் பார்க்கிற ஒரு நீச்சல்காரியை வரைந்தார். நோட்டீஸில் அவள்தான் வந்தாள். சனிக்கிழமை தொகுப்பில் சேர்க்க அதே படத்தைக் கொண்டுபோனபோது கேஷே நிமிர்ந்து பார்த்தாள்.

"இதாவது உன்னோடதா? நிச்சயமா?"

"சந்தேகமே வேண்டாம்" என்றார் ஒன்னோ. "என்னைத்தான் முறைக்கிறா."